வரியில் இருப்பதை மட்டும்

அவர் வாசிக்கும்போது கையில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருக்கும். பழைய கார்டை மேஜையில் விரித்து முதல் வரிக்குக் கீழே ஸ்கேலை வைப்பார். ஆங்கிலத்தில் இருப்பதை முதலில் அப்படியே வாசிப்பார், பிறகு தமிழில் சொல்வார், பிறகு ஸ்கேல் ஒரு வரி இறங்கும். கேட்டுக்கொண்டிருப்பவர் நடுவில் புகுந்து, "அப்போ எங்க தாத்தா அங்க பெரிய ஆளா இருந்திருப்பாரு, இல்லையாம்மா?" என்றால் ஸ்கேல் நின்றுவிடும்.

"அது வரியில இல்ல" என்பார். வந்தவர் சரி என்று தலையாட்டும்வரை அடுத்த வரி கிடையாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவரை எல்லோரும் டைம் ஆபீஸ் அக்கா என்றுதான் சொன்னார்கள். தங்கவயலில் சுரங்கத்தின் டைம் ஆபீசில் இருபது வருடத்துக்கு மேல் கிளார்க்காக இருந்தவர். யார் எந்த ஷிப்டில் இறங்கினார், யார் ஏறினார், யாருக்கு என்ன வேலை என்று பேரேட்டில் எழுதுவது அவர் வேலை. சுரங்கத்தை மூடியதும் கணவரின் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தார். கணவர் போய்ச் சேர்ந்த பிறகும் அதே மாடி வீட்டில் தனியாக இருந்தார். எத்தனை வருடம் இருந்தும் எங்கள் ஊர்ப் பேச்சு அவருக்கு வரவில்லை. நாங்கள் 'எம்புட்டு' என்றால் அவர் 'எவ்ளோ' என்பார். அதையும் சண்டை போடுவது போல ஒரு குரலில் சொல்வார்.

நான் அப்போது ராஜபாளையத்தில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் வம்சாவளி மலர் போடும் பைத்தியம் பிடித்த வருடங்கள் அவை. குலதெய்வம் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் என்று ஒன்று வந்தால் போதும், பங்காளிகள் கூடி வழவழ தாளில் ஒரு புத்தகம் போட்டாக வேண்டும். முதல் பக்கத்தில் சாமி படம், இரண்டாம் பக்கத்தில் சாமியை விடப் பெரிதாகத் தலைவர் படம், அதற்குப் பிறகு குடும்ப மரம். மரத்தில் ஒவ்வொரு பெயருக்கும் கீழே என்ன தொழில் செய்தார் என்று எழுத வேண்டும். அங்கேதான் இடிக்கும். எங்கள் பக்கத்திலிருந்தும் சில பேர் அந்தக் காலத்தில் தங்கவயலுக்குப் போயிருந்தார்கள். சிலர் ஆளாகத் திரும்பினார்கள். சிலர் தகரப் பெட்டியில் ஒரு கார்டாகத் திரும்பினார்கள்.

கார்டு என்றால் தடித்த பழுப்பு அட்டை. பெயர், நம்பர், சேர்ந்த தேதி, அதற்குக் கீழே எந்தத் தேதியிலிருந்து என்ன வேலை என்று வரிவரியாக இருக்கும். எவனோ ஒரு வெள்ளைக்காரக் குமாஸ்தாவின் கோழிக்கிறுக்கல். கஷ்டப்பட்டு எழுத்துக் கூட்டினாலும் அர்த்தம் புரியாது. சுரங்கத்து வேலைகளின் பெயர்கள் சுரங்கத்துக்காரர்களுக்கு மட்டும் தெரிந்தவை. போனில் தேடினால் வேறெதையோ காட்டும். ஆகவே கார்டோடு வருகிறவர்களை நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அவரிடம் அனுப்புவேன், இல்லையென்றால் நானே கூட்டிக்கொண்டு போவேன். வாசிப்பதற்கு அவர் கூலி வாங்கியதில்லை. வாங்கினால் கொடுத்தவனுக்குப் பிடித்த மாதிரி வாசிக்கச் சொல்வான் என்பார்.

சுந்தரபாண்டியத்திலிருந்து ஒரு ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர் வந்தார். போலீஸ் இன்ஸ்பெக்டர். உட்காரும்போதே நாற்காலி பயந்தது. அவருடைய தாத்தா தங்கவயலில் சானிட்டரி இன்ஸ்பெக்டராக இருந்தவர் என்பது அவர்கள் வீட்டுச் சரித்திரம். இன்ஸ்பெக்டர் ரத்தம் பரம்பரையாக ஓடுகிறது என்று மலரில் போட வாசகம் கூட எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

அக்கா ஸ்கேலை வைத்தார். "சானிட்டரி கூலி" என்றார். "கீழே லெவல்ல ஆளுங்க வெளிக்குப் போற வாளி இருக்கும். அதை எடுத்து மேல அனுப்பற வேலை."

இன்ஸ்பெக்டர் வாசகம் எழுதிய தாளை மடித்தார். "இன்ஸ்பெக்டர்னு எங்க அப்பா சொல்லுவாரும்மா."

"இன்ஸ்பெக்டர் வரலியே சார். கூலின்னுதான் இருக்கு. ஆறு வருசம் அதேதான்."

"நாங்க யாரு என்னன்னு தெரியாமப் பேசுதிய. நான் மூணு ஸ்டேஷனைக் கட்டி ஆண்டவன்."

"அது உங்க கார்டு சார். இது அவர் கார்டு."

அவர் எழுந்து போய்விட்டார். ஊற்றி வைத்த காபி ஆடை படிந்து கிடந்தது. சுரங்கத்துக்குள் இறங்கின பசிக்கு ஊரில் இருக்கிற மேல் கீழ் தெரியாது, மேலே வந்து மூன்று தலைமுறை ஆன பேரனுக்குத்தான் தெரியும். அக்காவுக்கு அதெல்லாம் புரிந்ததா என்பதே எனக்குச் சந்தேகம். "வாளி எடுக்க ஆளு இல்லன்னா ஒரு நாள் வேலை நடக்குமா கீழே? இதுல கோவிச்சுக்க என்னா இருக்கு?" என்று என்னிடம் கேட்டார். உண்மையிலேயே பதில் எதிர்பார்த்துத்தான் கேட்டார். அந்த மலர் வெளிவந்தபோது அதில் 'சுகாதார ஆய்வாளர்' என்றே இருந்தது. அச்சடித்தவன் நான்தான்.

இதை வைத்து அவர் ஆட்களைத் தாழ்த்திச் சந்தோஷப்படுகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. ராஜபாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு கார்டு கொண்டுவந்தார். "எங்க அத்தாவோட அத்தா கார்டும்மா இது. விளக்குத் தொடைச்சாருன்னு சொல்லுவாக. அதை எல்லாம் போட்டு என்னத்துக்குன்னுதான் யோசிக்கேன்" என்றார்.

"லாம்ப்மேன்" என்று அக்கா வாசித்தார். "இறங்குற ஒவ்வொரு ஆளுக்கும் நம்பர் போட்ட விளக்கு குடுக்கணும். ஏறி வந்ததும் வாங்கி அந்த நம்பர் ஆணியில மாட்டணும். ஷிப்ட் முடிஞ்சு ஒரு ஆணி காலியா இருந்தா ஒரு ஆளு கீழேயே நின்னுட்டான்னு அர்த்தம். அவன் பொண்டாட்டிக்குத் தெரியறதுக்கு முன்னாடி இவருக்குத் தெரியும்."

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த மாதிரி எத்தனை தடவை பாத்திருப்பாரும்மா?"

"அது வரியில இல்ல."

எனக்கு ஆத்திரமாக வந்தது. மனிதர் கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறார், ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? கீழே இறங்கும்போது படியில் வைத்துக் கேட்டேன். "கார்டுல வேலைதான் இருக்கு தம்பி. குணம் எழுத இடம் விடல" என்றார். பாய் அன்றைக்கு ராத்திரி எனக்குப் போன் செய்து, தன் அத்தாவின் அத்தா பெயருக்குக் கீழே 'விளக்கறைப் பொறுப்பாளர்' என்று கொட்டை எழுத்தில் போடச் சொன்னார். பொறுப்பாளர் என்றும் வரியில் இல்லைதான். அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை.

மலேசியாவிலிருந்து ஒருவர் வாட்ஸப்பில் தன் பாட்டனாரின் காகிதங்களை அனுப்பியிருந்தார். ஈயச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நான் பெருமையாக அக்காவிடம் காட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். "எனக்குத் தங்கம்தான் தெரியும். ஈயத்துல இந்தப் பேருக்கு என்னா வேலையோ. தெரியாது." உத்தேசமாகச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். உத்தேசமாக ஒருவருக்குத் தாத்தா இருக்க முடியுமா என்று கேட்டார்.

இந்தக் குணம் காகிதத்தோடு நின்றிருந்தால் தேவலை. அவர் வீட்டுக்கு எதிர்வீட்டில் மில்லுக்குப் போகிற பெண் ஒருத்தி இருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் அக்கம்பக்கத்தில் விசாரிக்க வந்து அக்காவிடமும் கேட்டார்கள். "காலையில ஏழு மணி மில் பஸ்ஸுக்குப் போவா. சாயந்திரம் ஆறரைக்கு வருவா. நான் பாத்தது அவ்ளோதான்" என்றார் அக்கா. குணம் எப்படி என்று கேட்டார்கள். "தெரியாது." தெரியாது என்றால் என்ன அர்த்தம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், அக்காவைத் தவிர. சம்பந்தம் முறிந்தது. அந்தப் பெண்ணின் அம்மா தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். அக்கா மாடியில் நின்று, "நான் என்னா பொய் சொன்னேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பார்க்கச் சகிக்கவில்லை. நல்ல மனுஷிதான், ஆனால் இந்த மாதிரி நல்லவர்கள் பக்கத்து வீட்டில் இல்லாமல் இருப்பதே நல்லது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

ஏன் இப்படி என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். "டைம் ஆபீஸ்ல ஒருநாள், ஒரு ஆளு ஏறிட்டான்னு பார்க்காம, கேட்டு எழுதினேன். அதைக் கேக்காத" என்றார். நானும் கேட்கவில்லை.

இனி எங்கள் வீட்டுக் கார்டு.

என் தாத்தாவும் தங்கவயலில் வேலை பார்த்தவர். அப்பாவின் அப்பா. பன்னிரண்டு வருடம் பூமிக்கு அடியில் உழைத்து அந்தக் காசில் ராஜபாளையத்தில் மச்சு வீடு கட்டினார், வேலையை விட்டு வந்த சில மாதத்தில் நெஞ்சிருமலில் போய்விட்டார் என்பது எங்கள் வீட்டுச் சரித்திரம். அவருக்கு ஒரு தம்பி இருந்தார். வலது கையில் ஆறு விரல். வீட்டில் அவரைப் பெயர் சொல்ல மாட்டார்கள், ஆறுவிரலான் என்பார்கள். அண்ணன் ரத்தம் கக்கி உழைத்தபோது எங்கோ ஊர் சுற்றிவிட்டு, வீடு எழுந்த பிறகு வந்து, "இந்த வீட்டுல பாதி என் உழைப்பு" என்று சொன்னாராம். அண்ணன் நெஞ்சு கெட்டு ஊருக்கு வந்துவிட்டார், கடைசி மூன்று வருடம் அண்ணன் பெயரில், அண்ணன் கார்டில் வேலை பார்த்துப் பணம் அனுப்பியது நான்தான் என்றாராம். செத்துப்போன அண்ணன் மேல் பொய் சொல்கிறான் என்று அவரைப் பங்காளிகள் தள்ளி வைத்தார்கள். மம்சாபுரத்தில் போய்க் கூலி வேலை பார்த்துச் செத்தார். அன்றிலிருந்து குலதெய்வம் கோயிலில் அந்தக் குடும்பத்துக்குப் பொங்கல் பானை வைக்க இடம் இல்லை, பிள்ளைக்கு முடி இறக்க உரிமை இல்லை.

அவருடைய மகன் மம்சாபுரத்திலேயே இருந்தார். எழுபது தாண்டியவர். முறைப்படி எனக்குச் சித்தப்பா. ஒருநாளும் நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. எங்கள் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் என்றதும் அவர் பங்காளிகள் ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் வந்து நின்றார். சொத்து வேண்டாம் என்றார். மலரில் அவருடைய அப்பா பெயரைப் போட வேண்டும், சாவதற்குள் ஒரு தடவை பானை வைக்க வேண்டும், அவ்வளவுதான். "எங்கய்யா பொய்யன்னு பேரோட போயிட்டாரு. அந்தக் கார்டைப் பாருங்கய்யா. அதுல எங்கய்யாவும் இருக்காரு" என்றார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

கார்டு பெரியப்பாவிடம் இருந்தது. என் அப்பாவின் மூத்த அண்ணன், மலருக்குத் தலைவர். அவர் தூக்கிப் போட்டுவிடலாம் என்றுதான் பார்த்தார். ஆனால் பங்காளிகளில் இரண்டு மூன்று பேர் அடம்பிடித்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் டைம் ஆபீஸ் அம்மா வாசிக்கட்டும், அந்த அம்மா யாருக்காகவும் ஒரு சொல் கூட்டாது குறைக்காது, அது சொன்னதை ரெண்டு பக்கமும் ஏத்துக்கிட வேண்டியது என்றார்கள். பெரியப்பாவால் மறுக்க முடியவில்லை. மம்சாபுரத்துக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுச் சம்மதித்தார்.

வாசிப்புக்கு முந்தின நாள் கார்டை ஜெராக்ஸ் எடுக்கப் பெரியப்பா என் கடைக்கு வந்தார். ஒரிஜினலை வெளியார் கையில் கொடுக்க மாட்டாராம். நான் முன்பக்கத்தை எடுத்துவிட்டுத் திருப்பினேன். பின்பக்கத்தில் ஆளின் அங்க அடையாளம் எழுதியிருந்தது. முதலில் ஒரு தேதி, ஒரு கட்டைவிரல் ரேகை. உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம், இடது புருவத்தில் தழும்பு. அதற்குக் கீழே ஒன்பது வருடம் கழித்து இன்னொரு தேதி, வேறு மை, வேறு கை, புதிதாக ஒரு ரேகை. உயரம் ஐந்தடி நாலு. வலது கையில் ஆறு விரல்.

எந்த மேஸ்திரி கண்டும் காணாமல் அந்த ஆளை அண்ணன் நம்பரில் இறக்கிவிட்டானோ. ஆனால் ஆள் மாறியதை எவனோ ஒருவன் ஒழுங்காக எழுதி வைத்திருந்தான். அந்த ஆங்கிலம் வாசிக்க டைம் ஆபீஸ் தேவையில்லை, என் பத்தாம் வகுப்பே போதும்.

நான் பெரியப்பாவைப் பார்த்தேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியும். தாத்தா இறந்தபோது அவருக்கு ஏழு வயது. மூன்று வருடம் அப்பா பின்கட்டில் இருமிக்கொண்டு கிடந்ததை ஏழு வயதுப் பிள்ளை மறக்குமா? மெஷின் கண்ணாடி மேல் கிடந்த கார்டை அவரே எடுத்து முன்பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"முன்பக்கம் போதும்லே" என்றார். "பின்னால வெறும் தாளுதான். கேட்டா அப்படிச் சொல்லு."

கடை இருந்தது அவர் கட்டடத்தில். கல்யாணம் முடித்து வைத்தது அவர். என் அப்பா இல்லாத வீட்டில் எல்லாவற்றுக்கும் அவர்தான். இதெல்லாம் காரணம் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். காரணம் பயம். வேறொன்றும் இல்லை.

பெரியப்பா வீட்டு ஹாலில்தான் வாசித்தார்கள். அந்த மச்சு வீடுதான். மம்சாபுரத்துக்காரர் செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு வந்தார். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அந்த வீட்டுக்குள் காலை வைக்கிறார். சுவர், தூண், உத்தரம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து ஓரமாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

அக்கா ஜெராக்ஸை விரித்து ஸ்கேலை வைத்தார். பெயர், நம்பர், தேதி. "டிம்பர்மேன் ஹெல்ப்பர், நாலு வருசம்" என்றார். "அப்புறம் டிம்பர்மேன், அஞ்சு வருசம். கீழே பாறை விழாம மரத்தூண் குடுக்கிற ஆளு. கை தேர்ந்த வேலை. ஆத்திரக்காரன் செய்ய முடியாது. எல்லார் உசிரும் அவன் நட்ட தூண்ல நிக்கும்." பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டார். "லீவு. ஒரு மாசம்." ஸ்கேல் இறங்கியது. "லீவு முடிஞ்சு, டிராமர். மூணு வருசம். டிராமர்னா…"

நின்றுவிட்டார். எத்தனையோ கார்டு வாசித்து நான் பார்த்திருக்கிறேன், அவர் நடுவில் நின்று பார்த்ததில்லை.

"டிராமர்னா கல்லு வண்டி தள்றவன். புதுசா வர ஆளுக்குக் குடுக்கிற வேலை. ஒம்பது வருசம் தொழில் கத்த டிம்பர்மேன், லீவு போயிட்டு வந்து வண்டி தள்ளுவானா? நெஞ்சு கெட்டிருந்தா மேல வேலை குடுப்பாங்க. கீழே வண்டி தள்ள விடவே மாட்டாங்க." நிமிர்ந்து பார்த்தார். "இது ரெண்டு ஆளு."

 மம்சாபுரத்துக்காரர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

பெரியப்பா அவசரப்படவில்லை. "ரெண்டு ஆளுன்னு எந்த வரியில போட்டிருக்கும்மா?" என்று மரியாதையாகக் கேட்டார். "செத்த காட்டுங்க. நாங்களும் பாத்துக்கிடுதோம்."

அக்கா குனிந்து மறுபடியும் மேலிருந்து கீழே வரை ஸ்கேலை நகர்த்தினார். முகம் சிறுத்துப்போனது. "போடல" என்றார்.

"வரியில இல்லாததைச் சொல்ல மாட்டியன்னுதான் உங்களைக் கூப்பிட்டோம்."

"ஆமா சார். போடல." பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, இதுக்குப் பின்பக்கம் ஒண்ணு இருக்கும்ல? ஆள் அடையாளம் அதுலதான் எழுதுவாங்க."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பெரியப்பா மட்டும் திரும்பவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மம்சாபுரத்துக்காரர் துண்டை வாயிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்தார்.

"பின்பக்கம் வெறும் தாள்க்கா" என்றேன்.

அக்கா தலையாட்டினார். ஒரு நொடி கூட சந்தேகப்படவில்லை. பார்த்தவன் சொல்கிறான், அவ்வளவுதான் அவருக்கு. ஸ்கேலைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மம்சாபுரத்துக்காரர் எழுந்து, யாருக்கு என்று இல்லாமல் பொதுவாக, "வாரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

மலர் வந்தது. கும்பாபிஷேகமும் ஆயிற்று. பெரியப்பா காலமாகிவிட்டார், மம்சாபுரத்துக்காரரும் போய்விட்டார். அக்காவை மகன் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போனான், இருக்கிறாரா என்று தெரியாது. பெரியப்பா போன பிறகு பத்திரங்களோடு அந்தக் கார்டு என்னிடம் வந்தது. இனி அதை யாரிடம் காட்டி என்ன ஆகப்போகிறது? எனக்குத் தூக்கம் வராமல் போக வேண்டுமானால் உதவும். அதுவும் தினமும் இல்லை, நன்றாகத்தான் தூங்குகிறேன்.

சொல்ல வந்தது இதற்கு முந்தினது. அந்த வாசிப்பு முடிந்து பத்து நாள் இருக்கும். அக்கா பஸ் பிடித்து ராஜபாளையத்துக்கு, என் கடைக்கு வந்தார். வெயிலில் வந்து முகம் கறுத்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மன்னிச்சுக்க தம்பி" என்றார். "வரியில இல்லாததைச் சொல்லிட்டேன். உங்க பெரியப்பா நல்லா கேட்டாரு. அவர்கிட்டயும் போய்ச் சொல்லிட்டுத்தான் வரேன்."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா" என்றேன். டீ வாங்கி வரச் சொன்னேன். அவர் மன்னிப்புக் கேட்டார், நான் மன்னித்தேன். இப்படியும் ஒருவனால் இருக்க முடியும் என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது.

டீயைக் குடித்துவிட்டு, மம்சாபுரத்துக்குப் போக வேண்டும், வழி தெரியாது, கூட வர முடியுமா என்று கேட்டார். "அந்தப் பெரியவர் நான் சொன்னதை நம்பி அழுதாரு. தப்பான நம்பிக்கையைக் குடுத்துட்டு நான் எப்படித் தூங்கறது?"

ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கண்மாய்க் கரை தாண்டினதும் சொல்லலாம், ரேஷன் கடை வந்ததும் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போய் வீடு வந்துவிட்டது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. அவர் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். அவர் முகத்தில் என்ன எதிர்பார்ப்பு வந்தது என்று நான் பார்த்தேன். அவர் மகள் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அக்கா நின்றுகொண்டே சொன்னார். "ஐயா, அன்னிக்கு நான் ரெண்டு ஆளுன்னு சொன்னது தப்பு. அந்தக் கார்டுல ஒரு ஆளுதான் இருக்காரு. உங்கப்பா அதுல இல்ல."

"நீங்க நல்லாப் பாத்துத்தானம்மா சொல்லுதிய?" என்றார்.

"நல்லா பாத்துட்டேன். பின்பக்கமும் ஒண்ணும் எழுதலயாம். தம்பி பார்த்திருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைக் குடித்தேன்.

"நீங்க சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்றார் கடைசியில். "நீங்க ஒரு சொல்லு கூட்டிக் குறைச்சுச் சொல்ல மாட்டியன்னு ஊரே சொல்லுது."  பிறகு மகளைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி ஒன்று செய்தார். "அப்போ எங்கய்யாதான் பொய் சொல்லியிருக்காரு, பாத்துக்க. எழுவது வருசமா நம்பிக்கிட்டு இருந்துட்டேன்."

 திரும்பும்போது அக்கா வண்டியில் பின்னாலிருந்து என் தோளில் கையை வைத்தார்.

"சொன்ன தப்பை நேரா போய்ச் சொல்லிட்டேன் தம்பி" என்றார். "இப்பத்தான் மனசு லேசா இருக்கு."